கிரீடம் ஏறிய ஆட்டோ

மச்சான்,

இன்று காலை மழையில் ஏற்றிய அம்மா ஒருவர், உச்சந்தலையில் நீர் சொட்டியதும் என்னைத் திட்டித் தீர்த்தார். "கூரையில ஓட்டைய வெச்சுக்கொண்டு என்னத்துக்கு ஆட்டோ ஓட்டுறீங்க?" ஓட்டைக்குக் காரணம் நீ, ஏச்சு வாங்குவது நான். என்ன நியாயம் இது?

பன்னிரண்டு வருடம் கூத்தில் கட்டியகாரனாக நின்று, ராசா வருகிறார் என்று மற்றவர்களுக்காகக் கத்தியவன் நீ. இந்த ஓட்டை விழுந்த முறைதான் ராசா வேஷம் உனக்கு முதல்தரம் கிடைத்தது. கொக்கட்டிச்சோலையில் பின்னேரம் நான்கு மணிக்கு ஆட்டம். பிந்தினால் வேறு ஆளை இறக்குவேன் என்று கூத்துப் பழக்கிய அண்ணாவியார் சொல்லியிருந்தார். ஒப்பனைக்காரர் கால் முறிந்து டவுனில் கிடந்ததால், அவர் வீட்டிலேயே உடுப்புக் கட்டினாய். கட்டிய கிரீடத்தை ஆட்டம் முடியும்வரை கழற்றக்கூடாதாம். அதுவோ ஆட்டோவுக்குள் நுழையவில்லை. குனிந்து பார்த்தாய், சரிந்து பார்த்தாய், கடைசியில் கூரையில் போட்டிருந்த என் புது ஹூட்டைப் பார்த்தாய்.

"கிழிடா மச்சான், மறுகா தைப்பம்."

கிழித்தேன். இன்னும் தைக்கவில்லை.

கல்லடிப் பாலத்தில் மீன்காரர்கள் கூரைக்கு மேலே நீட்டிய கிரீடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கும்பிட்டார்கள். அதோடு உனக்குத் தலைகால் புரியவில்லை. "மெதுவாப் போடா, சனம் பாக்கட்டும்" என்றாய். சந்திக்குச் சந்தி வரவுப் பாட்டை முழுதாகப் பாடினாய். காத்தான்குடியில் துணிக்கடை முதலாளி காக்கா ஓடிவந்து, "ராசா, இன்னும் ஒருக்காப் படிங்க, வீட்டாக்களும் கேக்கட்டும்" என்றார். அங்கே மட்டும் இரண்டு தரம். நான் மணியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

மண்முனைப் பாலம் தாண்டி ஒருமாதிரி நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கூத்தாடும் களரியில் ஏறி வாயைத் திறந்தாய். காற்றுத்தான் வந்தது. தொண்டையை வழியெல்லாம் கொடுத்து முடித்திருந்தாய்! பிற்பாட்டுக்காரர்கள் பாட, நீ வாயை மட்டும் அசைத்து ஆடினாய். அண்ணாவியார் முறைத்த முறைப்பில் எனக்கு வேர்த்தது. அடுத்த கூத்தில் நீ பழையபடி கட்டியகாரன்.

திரும்பும் வழியில் அழுவாய் என்று பார்த்தேன். நீயோ தேத்தண்ணிக் கடையில் சுடுதண்ணி குடித்தபடி, கீச்சுக் குரலில் சொன்னாய்: "களரியில கொஞ்சச் சனந்தானேடா. றோட்டில பாத்தியா, எவ்வளவு பேர்!"

நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. உன்னை நினைத்தால் சிரிப்புத்தான் முதலில் வருகிறது, பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. ஆள் நெருங்கிய சந்தி வந்தால் என் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கிறது. பின்னால் பஸ்காரன் ஹோன் அடிக்கிறான். அடிக்கட்டும். உன்னைப் பார்க்காத சனம் இன்னும் இருக்கிறதே, மச்சான்.