இரண்டு பிலிம்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு

அன்பு மகள் ஜெபாவுக்கு அப்பா எழுதுவது. சோறு இறங்குகிறது, வேலைக்குப் போகிறேன், அதனால் சுகம் என்றே வைத்துக்கொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. போனில் சொல்ல வாய் வரவில்லை.

நீ அனுப்பிய செய்தியைப் பலமுறை படித்தேன். எங்கோ ஒரு கருந்துளையிலிருந்து காமா கதிர் வந்தது என்று அவசரமாக அறிவித்தீர்கள், மறுபடி பார்த்தால் நான்கு தொலைநோக்கியில் ஒன்றில்தான் அது இருந்தது, கேமராவின் கோளாறு. இதற்காகவா அம்மாவைப் பார்க்க வராமல் இருந்தேன், வேலையே வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்த காமா கதிர் சிப்காட்டில் இரும்புக் குழாய் வெல்டிங்கைப் படம் எடுப்பது மட்டும்தான். ஒருமுறை பிலிமில் பிறை மாதிரி ஒரு கீறல். வெல்டிங்கை அறுக்கச் சொன்னேன். அறுத்தார்கள், உள்ளே சுத்தமாக இருந்தது. வெல்டர் லோகு பிலிமை வெளிச்சத்தில் பிடித்து, 'இன்னாண்ணா, இது என் வெல்டு இல்ல, பிலிம்ல உன் நகம் பட்ட தடம்' என்றான். அன்றிலிருந்து இரண்டு பிலிம் சேர்த்தே வைக்கிறேன். இரண்டிலும் இருந்தால் இரும்பில் குறை. ஒன்றில் மட்டும் என்றால் பிலிமில்.

அம்மா விஷயத்தில் உன்னிடம் இருப்பது ஒரு பிலிம்தான். அம்மா படுத்தபோது நிலவில்லாத பத்து நாள் நடந்தது, தொலைநோக்கியில் உனக்கு அப்போதுதான் வேலை என்று தெரியும். அதனால் உன்னிடம் சாதாரணக் காய்ச்சல் என்றேன். பொய். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே டாக்டர், பிள்ளைகள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றார். அம்மா உன் குரலைக் கேட்க வேண்டும் என்றாள். நீ இருக்கும் பாலைவனத்தில் போன் லைன் கிடைக்காது என்று அவளிடம் சொன்னேன். 'வானத்துல இன்னா நடக்குதுன்னு பாப்பாவுக்குத் தெரியுது, நான் இங்க கெடக்கறது தெரில பாருய்யா' என்று சிரித்தாள். நான்காம் நாள் போய்விட்டாள். உன்னிடம் ஒன்று, அவளிடம் ஒன்று. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க இத்தனை மாதம் எனக்குத் துணிவு வரவில்லை. நீ வராமல் இருக்கவில்லை ஜெபா. நான் கூப்பிடவில்லை. வேலையை விடுவதானால் வேறு காரணத்துக்கு விடு.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். வெளியே நிற்கும்போது காதை மூடிக்கொள், மீஞ்சூரில் அம்மா வாங்கித் தந்த குல்லா உன்னிடம்தான் இருக்கிறது. இதைப் படித்தபின் என்னோடு பேசுவதும் பேசாததும் உன் விருப்பம். லைன் கிடைக்கும். அன்றும் கிடைத்திருக்கும்.

உன் அப்பா,
ஜெரால்ட்