மேற்கு விளிம்பில் ஒரு புள்ளி

மே 3, சனி
நல்ல வெயில். கடல் பக்கம் மட்டும் மெல்லிய மேகம். வீட்டுப் பின்புறம், துணி காயும் இடத்தில் தொலைநோக்கி. வெள்ளை அட்டையில் சூரியன், சின்னத் தட்டு அளவு. பென்சிலால் வரைந்தேன். சூரியனில் நான்கு கரும்புள்ளிக் கூட்டம். நிம்மதி.

குணா அண்ணனுக்கு அனுப்பினேன். பக்கத்து ஊர் லூபோக் சீனாவில் இருந்தபடி எங்கள் ஏழெட்டுப் பேரின் படங்களையும் மாதாமாதம் தொகுப்பவர். பதில் உடனே: “நசீரா பிள்ள அஞ்சு கூட்டம் போட்டுருக்கு கவி. இன்னொரு தடவ பாரேன்லா.”

பார்த்தேன். அட்டையை லேசாக ஆட்டினால் காகிதக் கறை கூடவே நகரும், சூரியனின் கறை நிற்கும். கிழக்கு ஓரத்தில், ஆம், ஒரு மங்கல் நின்றது. அவள் சொன்ன பிறகு.

நசீரா. மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். கடையின் மேல்மாடியில் நின்று பார்க்கிறாள். குழுவுக்கு வந்து ஆறு மாதம்கூட இல்லை. நான் நான்கு வருடம். இனி இங்கே ந. மட்டும். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

மே 5, திங்கள்
ஆபீஸ். சுங்கை ஊடாங் வரை முன்னால் ஒரே எண்ணெய் லாரி. முந்த முடியவில்லை.

மதியம் குழுவில் குணா அண்ணனின் குரல்பதிவு. அவருக்குச் சரவாக்குக்கு வேலை மாற்றலாகிறதாம். சிவப்பை யாரிடமாவது விட்டுப் போக வேண்டும். “யாரு படம் நம்பிக்கையா இருக்கோ அவங்க கையில. மாசக் கடைசில சொல்றேன். சண்ட போடாதீங்கலா.”

சிவப்பு: அவருடைய இன்னொரு தொலைநோக்கிக்கு நாங்கள் வைத்த பெயர். என்னுடையதில் புள்ளிகள் மட்டும். அதில் சூரியன் செக்கச்செவேலென்று, புள்ளிக்குப் பக்கத்தில் வெடிப்புகூடத் தெரியும். திடீரென ஒரு வெளிச்சக் கீறல். டீ ஆறுவதற்குள் அடங்கிவிடும். ஒரே ஒருமுறை அவர் வீட்டில் பார்த்தேன். அன்று முழுக்க யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

எனக்கு அது வேண்டும்.

ந.வின் பதில்: “கவிக்காவுக்குத்தான் போகணும்.” கூடவே ஒரு சிரிப்பு முகம். தாராளம். கண் இருப்பவர்களுக்கு வரும் தாராளம்.

மே 8, வியாழன்
காலையிலிருந்து மழை. படம் இல்லை.

ந.விடம் இருப்பவை:
யாரோ கொடுத்த பைனாகுலர்.
அதை நாற்காலி முதுகில் கட்ட ஒரு துணிப்பட்டை.
பொறுமை.

என்னிடம் இருப்பவை:
நல்ல தொலைநோக்கி.
பட்டம்.
இந்தப் பட்டியல்.

தம்பி தினேஷ், மீ கோரெங் நூடுல்ஸ் புங்குஸ் பொட்டலத்தோடு உள்ளே வந்து: “என்னக்கா, சூரியனுக்கு மொகப்பரு எண்ணியாச்சா?”
“மழை பெய்யுது, தெரியல?”
“அப்ப பவுடர் போட்டு மறைச்சிருக்கு.”
சிரித்துவிட்டேன். இந்த வாரத்தில் முதல் தடவை. அவன் சும்மா இருக்கவில்லை: “அந்த நசீரா வரையறது பாத்தேன் ஒன் போன்ல. சூப்பர்லா.”
மீ கோரெங் ஆறிப்போனது.

மே 9, வெள்ளி
எங்களுக்கு இருப்பது ஒரே விதி. வரைந்து முடிக்கும்வரை இணையத்தில் வரும் சூரியனின் சாட்டிலைட் படத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் கண் ஓய்ந்துவிடும். மனம் வரையத் தொடங்கும்.

காலையில் பல் துலக்கும் முன் பார்த்தேன்.

மேற்கு விளிம்பில் ஒரு சின்னப் புள்ளி. விழப்போவது போல.

பிறகு அட்டையில் தேடினேன். இருந்தது. இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அட்டையை ஆட்டிப் பார்க்கவில்லை. வரைந்தேன். அனுப்பினேன்.

குணா அண்ணன்: “அடேயப்பா! இது யாருக்கும் மாட்டலயே. நசீராவே விட்டுருச்சு.”

நசீராவே. என் வெற்றிக்கும் அவள்தான் அளவுகோல்.

மே 10, சனி
கிளேபாங்கில் எங்கள் மாதச் சந்திப்பு. தேங்காய் ஷேக் கடைக்கு வெளியே பிளாஸ்டிக் மேசை. பக்கத்து மேசையில் யாரோ போனில் கத்திக்கொண்டே: “பார்க்கிங் இல்லலா, நீ வராத!”

ந. தன் வெள்ளிக்கிழமைப் படத்தை எடுத்து நீட்டினாள். மேற்கு விளிம்பில் புதிதாக ஒரு பென்சில் புள்ளி. என்னுடைய அதே இடம்.

“நீங்க சொன்னப்புறம் யோசிச்சேங்கா. நானும் லேசா பாத்த மாதிரிதான் இருந்துச்சு. போட்டுட்டேன்.”

குணா அண்ணன் மேசையைத் தட்டினார். “ரெண்டு பேரு பாத்தாச்சு. கன்ஃபர்ம்.”
“அண்ணே, ஷேக் கொட்டப் போவுது” என்றாள் ந.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வீட்டுக்கு வந்து சாட்டிலைட் பக்கத்தைத் திறந்தேன். இப்போதுதான் ஓரத்தில் இருக்கும் தேதியைக் கவனிக்கிறேன். அன்று நான் பார்த்தது புதன்கிழமைப் படம். பக்கம் இரண்டு நாளாகப் புதுப்பிக்கப்படாமல் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைப் படம் இப்போது அதன் பக்கத்தில் வந்துவிட்டது. மேற்கு விளிம்பு சுத்தம். சூரியன் சுழன்று அந்தப் புள்ளியை அப்பால் கொண்டுபோய்விட்டது.

நான் வரைந்தது சூரியனுக்குப் பின்னால் இருந்த ஒன்றை. அவள் அதையும் பார்த்தாள். என்னை நம்பி.

முதலில் வந்தது குற்ற உணர்வு இல்லை. சந்தோஷம். அவளும் இல்லாததைப் பார்ப்பாள். எழுதிவிட்டேன், கிடக்கட்டும்.

மே 11, ஞாயிறு
புழுக்கம். மேகம் திறக்கவில்லை.

குழுவில் ந.: “அண்ணே, வெள்ளிக்கெழம அந்த மேற்குப் புள்ளிய நான் பாக்கல. அக்கா பாத்தாங்கன்னு நானும் போட்டுட்டேன். எடுத்துருங்க. சாரிலா.”

அவ்வளவுதான். தயக்கம் இல்லை, விளக்கம் இல்லை. வாய் கொப்பளிப்பது போல.

மற்ற எல்லாரும் அவளுக்குக் கட்டைவிரல் காட்டினார்கள். நான் காட்டவில்லை.

அதையும் அவளே முதலில். இனி நான் உண்மை சொன்னாலும் அவளைப் பார்த்துப் போட்டதாகத்தான் ஆகும்.

மே 12, திங்கள்
ஆபீஸ் கழிவறையில் நின்று படித்தேன். குணா அண்ணன் எனக்குத் தனியாக: “கவி, இப்ப அந்தப் புள்ளிக்கு நீ ஒருத்திதான் சாட்சி. நிச்சயமா பாத்தியா? ஆமான்னா வச்சிக்கிறேன். நீ சொன்னா போதும்.”

நீ சொன்னா போதும். நான்கு வருடத்துக்கான கூலி இந்த மூன்று சொல்.

வெளியே யாரோ கதவைத் தட்டி, “செத்துட்டியா உள்ள?”

போனில் தட்டினேன்: “நானும் பாக்கல அண்ணே. சாட்டிலைட்ட மொதல்ல பாத்துட்டு வரைஞ்சேன். அதுவும் பழைய படம். சிவப்ப நசீராகிட்டயே குடுத்துருங்க.”

கடைசி வாக்கியத்தை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன்.