நீச்சல் குளத்து உயர நாற்காலி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எங்களுக்குப் பொழுது விடிகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் பக்கத்து வீட்டு வம்பு என்றால் மட்டும் மூன்று மாடியும் இறங்கிவிடுகிறாள். பேரனின் பள்ளியில் நீச்சல் வகுப்பு தொடங்கியும் அவனை அனுப்ப மாட்டேன் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ ஏன் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நான் வேலை பார்த்த நகராட்சி நீச்சல் குளத்தை மூடிவிட்டார்கள் அல்லவா, அங்கே மிஞ்சிய சாமான்களைப் பள்ளிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். பெஞ்சு, கடிகாரம், மிதவைக் கயிறு எல்லாம் போய்விட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், எதற்குப் பயன்பட்டது, என்ன குறை என்று அதைப் பயன்படுத்தியவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டோர் கீப்பர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மிச்சமிருந்தது நான் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து காவல் பார்த்த அந்த உயரமான நாற்காலி. வற்றிய குளத்தைப் பார்த்தபடியே நிற்கிறது. பொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனால் என் காதில் நீர் அலம்பும் சத்தம் கேட்டது. இன்றைக்கும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் என்னையறியாமல் தலைகளை எண்ணுகிறேன், எத்தனை முறை எண்ணினாலும் ஒன்று குறைவது போலவே இருக்கிறது.

நாற்காலியைக் கேட்டிருந்தது யார் தெரியுமா, நீ ஏழு வயதில் என்னோடு குளத்துக்கு வந்த அன்று என் காவலில் மூழ்கிப் போன பையனின் அம்மா. இப்போது பிள்ளைகளுக்கு இலவசமாக நீச்சல் சொல்லித்தரும் சங்கம் ஒன்றை நடத்துகிறார். எனக்கு எதிரிலேயே வந்து நின்றார். குறை என்ற இடத்தில் எனக்குப் பேனா ஓடவில்லை. மிதவைக் கயிறு அவிழ்ந்திருந்தது, கட்ட இறங்கினேன் என்றுதானே அன்று விசாரணையில் சொன்னேன், யானைக்கும் அடி சறுக்கும் என்று அதிகாரியும் விட்டுவிட்டார். இருபத்தாறு வருடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும் என்று தோன்றியது. கயிறெல்லாம் ஒண்ணும் அவிழலம்மா, என் பொண்ணு செருப்பு வாரை மாட்டிவிடச் சொல்லிக் கூப்பிட்டா, இறங்கிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். உங்களை மன்னிச்சிட்டேன்னு என்னால சொல்ல முடியாது, ஆனா கூப்பிட்ட குழந்தை மேல தப்பில்லை, அதை அவகிட்ட சொன்னீங்களா என்று கேட்டார். நான் உன்னிடம் சொன்னது வேறு அல்லவா. அன்று வீட்டுக்கு வரும் வழியில் உன் கையை இறுக்கிப் பிடித்து, நீ கூப்பிட்டதை யாரிடமும் சொல்லாதே என்றேன். வேலை போய்விடும் என்று பயம். என் குற்றத்தை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டேன், நீயும் வாய் திறக்காமல் இத்தனை வருடம் சுமந்துவிட்டாய்.

காவல்காரன் இறங்குவதற்கு முன்னால் விசில் ஊதி எல்லோரையும் கரையேற்ற வேண்டும், அதுதான் சட்டம். விசில் என் கழுத்தில்தான் தொங்கியது. நாற்காலியில் குறை இல்லை, உட்கார்ந்திருந்தவன் விசில் ஊதாமல் இறங்கினான் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் படித்துவிட்டு நாற்காலியை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

பேரனை வகுப்புக்கு அனுப்பு கண்ணே. நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். அன்று நடந்ததை மாப்பிள்ளையிடம் சொல், பேரன் வளர்ந்ததும் அவனிடமும் சொல். இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அப்பா சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் இதைச் சொல்லத் தாமதித்துவிட்ட
உன் அப்பா