கதவுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி

சிம்பாங் பூலாய்
26 நவம்பர் 2023

அன்புள்ள சம்பந்தி வீரம்மா அவர்களுக்கு,

வணக்கம். சாந்தினியும் குழந்தையும் சுகம். பேத்தி அப்படியே உங்கள் மகன் ஜாடை. தூங்கும்போதும் சுரேன் மாதிரியே முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்கிறாள். போன வாரம் போனில் நாம் இருவரும் போட்ட சத்தத்தில் பிள்ளை பயந்து அழுதுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் ஒருவர் முடித்த பிறகுதானே மற்றவர் பேச முடியும்.

பிரசவத்துக்கு வந்த பெண்ணை மூன்றாம் மாதம் புருஷன் வீட்டுக்கு அனுப்புவது முறை. எனக்கும் தெரியும். ஆனால் மழைக்காலத்தில் மலை மேல் உங்கள் தோட்டத்து வீடு ஐஸ் பெட்டி. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு ராத்திரி தங்கியதற்கே எனக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. அந்தப் பழைய ஹீட்டர் கரண்டைக் குடிக்கிறதே தவிர, சூட்டைக் காணோம்.

நாங்கள் கோயில்காரர்கள் சேர்ந்து ‘கதகதப்பு’ என்று ஒரு குழு நடத்துவது உங்களுக்குத் தெரியும். மலையில் உதவி தேவைப்படும் வீடுகளுக்குப் போய், காற்று வரும் இடுக்குகளை அடைத்து, பல்பு மாற்றிக் கொடுக்கிறோம். அடுத்த ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வருகிறோம். வீடு கதகதப்பானால்தான் பெண்ணை அனுப்புவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
புஷ்பலதா


கேமரன் மலை
30 நவம்பர் 2023

அன்புள்ள சம்பந்தி,

காய்கறி லோரி ஓட்டுகிற கனகராஜ் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதிவிட்டால் கோபம் வராதா? ‘உதவி தேவைப்படும் வீடுகள்’ என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். மூன்று பிள்ளைகளை இந்த வீட்டில்தான் வளர்த்தேன். ஒன்றும் உறைந்து போகவில்லை.

சுரேன் தினமும் வேலை முடிந்து வந்து குழந்தை படத்தைப் போனில் பார்த்துக்கொண்டு சோறு தின்கிறான். அவனுக்காகச் சம்மதிக்கிறேன். வாருங்கள். உங்கள் ஆட்களுக்குச் சமையல் என் பொறுப்பு. அதை வேண்டாம் என்று சொன்னால் கதவைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வீரம்மா


கேமரன் மலை
28 டிசம்பர் 2023

அன்புள்ள சம்பந்தி,

சாந்தினி வந்து இரண்டு வாரமாகிவிட்டது. அவளும் குழந்தையும் சுகம். நீங்கள் எல்லாரும் செய்த வேலையைப் பக்கத்து வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கதவுக்கு அடியில் ரப்பர், ஜன்னலில் பஞ்சுப் பட்டை, கதவுக்கு மேலே இருந்த ஒரு சாண் இடைவெளிக்குப் பலகை. நீங்களே ஏணியில் ஏறி ஆணி அடித்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஹீட்டரைத் தொடவே இல்லை, கரண்டு பில்லும் குறையும்.

சாந்தினிக்குக் கொஞ்சம் அசதி. பிள்ளை பெற்றவளுக்கு இருப்பதுதான்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
வீரம்மா


சிம்பாங் பூலாய்
7 ஜனவரி 2024

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதத்தைக் குழுவில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். முதலில் முறைத்தவர் நீங்கள், இப்போது எங்கள் விளம்பரமே உங்கள் வீடுதான்! உங்கள் தோட்டத்துக் கீழ் லயத்து வரிசையில் நான்கு வீடுகளை முடித்துவிட்டோம். மீதி இருபது வீடுகள் பொங்கல் முடிந்ததும். எல்லாம் உங்கள் வீட்டு மாதிரியே, காற்று ஊசி நுழையும் அளவுக்குக்கூட வராது.

ஆனால் ஒரு குறை. ‘வேறு விசேஷம் இல்லை’ என்று நீங்கள் எழுதி நான் பார்த்ததே இல்லை. கோழி முட்டையிட்டாலும் அரைப் பக்கம் எழுதுகிறவர். என் மேல் இன்னும் வருத்தமா?

அன்புடன்,
புஷ்பலதா


கேமரன் மலை
11 ஜனவரி 2024

சம்பந்தி,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இருவரும் நன்றாக இருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு வாரம் விடாத மழை. குழந்தையின் துணி ஒன்றும் காயவில்லை. நான் எப்போதும் செய்வதுபோல் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, மேலே கூடையைக் கவிழ்த்து, துணியைப் பரப்பிவிட்டுக் கடைக்குப் போனேன். தாயும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தால், சாந்தினி சுவரைப் பிடித்து எழப் பார்த்துக் கீழே விழுகிறாள். குழந்தை துவண்டு கிடந்தது, அழவில்லை. சாந்தினியை வாசலுக்கு இழுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினேன். மழைத்துளி முகத்தில் பட்ட பிறகுதான் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கரிப்புகையில் கண்ணுக்குத் தெரியாத விஷம் இருக்கிறதாம். இருவரையும் கிளினிக்குக் கொண்டுபோனபோது அங்கே நர்ஸ் மிஸ்ஸி சொன்னார். இத்தனை காலம் அது கதவுக்கு மேலே இருந்த சந்து வழியாகப் போயிருக்கிறது. அடுப்பை வைத்தது நான். சந்தை மூடியது நீங்கள். இரண்டு பேருமே பிள்ளைக்கு நல்லது என்றுதான் செய்தோம். அன்றிலிருந்து அடுப்பை வீட்டுக்கு வெளியேதான் வைக்கிறேன்.

சாந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னையும் புள்ளையையும் இழுத்துக்கிட்டுப் போயிருவாங்க அத்தை. சொல்லமாட்டேன்னு புள்ள தலையில சத்தியம் பண்ணுங்க” என்றாள். பண்ணினேன். பேத்தி உச்சந்தலையில் கை வைத்துப் பண்ணினேன்.

உங்கள் கடிதம் வந்ததும் கீழ் லயத்துக்கு நடந்து போய் நான்கு வீட்டிலும் சொன்னேன். இரண்டு வீட்டில் நம்பவில்லை. “படிச்சவங்க தெரியாமலா செய்வாங்க, சும்மா இருங்கலா” என்கிறார்கள். எல்லா வீட்டிலும் கரி அடுப்பு இருக்கிறது சம்பந்தி. மீதி இருபது வீட்டையும் நீங்கள் மூடப் போகிறீர்கள். நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

சத்தியத்தை மீறிவிட்டேன். பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று ராத்திரி எழுந்து எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். சாந்தினியை அழைத்துப் போவதென்றால் போங்கள். ஆனால் அந்த வீடுகளை மூடாதீர்கள்.

வீரம்மா


சிம்பாங் பூலாய்
26 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

இனி உங்களைச் சம்பந்தி என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே குழுவைக் கூட்டிப் படித்துக் காட்டினேன். அன்றே மலை ஏறி நான்கு வீட்டிலும் பலகையைப் பிடுங்கினோம். தேவன் என்ற பெரியவர் ஏணியைப் பிடித்துக்கொண்டே, “அன்னிக்கு மூடுனீங்க, இன்னிக்குத் தெறக்குறீங்க, என்னா வேலலா இது?” என்று கேட்டார். நான் தெரியாமல் செய்துவிட்டேன் ஐயா, என் சம்பந்திக்குத்தான் தெரிந்தது என்றேன். இனி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்பைப் பார்ப்போம். கரி அடுப்புக்கு வெளியே தகரக் கொட்டகை போட்ட பிறகுதான் ஜன்னலையே தொடுவோம். மேலே உள்ள சந்தைத் தொடவே மாட்டோம்.

அன்றைக்கு உங்கள் வீட்டு வாசல் வரை வந்தேன். உள்ளே சாந்தினி குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தது கேட்டது. உள்ளே வரத் தைரியம் இல்லை, திரும்பிவிட்டேன். அவள் மறைத்தாளே என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற மகள் செத்துப் பிழைத்ததைக்கூட என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாள். அவளை அப்படிப் பயப்பட வைத்தது நான்தான் அக்கா. அவளை நான் அழைத்துப் போக மாட்டேன்.

நீங்கள் அந்தச் சத்தியத்தை நினைத்து இனிப் பயப்பட வேண்டாம். நேற்று தைப்பூசம். ஈப்போவில் முருகன் சன்னதியில் முடி இறக்கிவிட்டேன். மாதம் தவறாமல் கறுப்பு மை பூசி நான் கொண்டாடிய முடி என்று உங்களுக்குத் தெரியுமே! பேத்தி தலையில் வைத்த சத்தியத்துக்கு என் தலையைக் கொடுத்துவிட்டேன். கணக்கை முருகன் என்னோடு தீர்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஏணி, ஆணி ஒன்றும் கொண்டுவரவில்லை. மலைக் குளிர் இந்த மொட்டைத் தலை தாங்காது அக்கா. எனக்கு ஒரு கம்பளித் தொப்பி எடுத்து வையுங்கள்.

உங்கள் தங்கை,
புஷ்பலதா