பிரவுசரில் மட்டும்தானாம்

பிப்ரவரி 3, செவ்வாய்

லேப் முடிந்து காட்டூர் வீட்டுக்கு வந்து சேரும்வரை யாரோடும் பேசவில்லை. ப்ராக்டிகல் தேர்வில் எல்லோரும் பைத்தான் நோட்புக்கைப் பிரவுசரில்தான் திறக்க வேண்டுமாம். லேப் பொறுப்பாளர் ஸ்டீபன்ராஜ் சார் அறிவித்துவிட்டார்.

நோட்புக் என்றால், ஒரு கட்டத்துக்குள் ப்ரோக்ராம் வரிகள், அதன் அடியிலேயே விடை. பார்க்கிறவர்களுக்கு வசதிதான். எனக்குத் திரையை வாசித்துச் சொல்வது ஸ்க்ரீன் ரீடர். லேப் பிரவுசரில் அது “பட்டன், பட்டன்” என்று முனகும். எந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்று சொல்லாது. விடை வந்ததா, எர்ரரா? மௌனம்.

அதே ஃபைலை என் லேப்டாப்பில், பிரவுசருக்கு வெளியே, ப்ரோக்ராம் எழுதும் எடிட்டரில் திறந்தால் ஒவ்வொரு வரியும் தெளிவாகக் கேட்கும். முதல் வருஷத்திலிருந்து அப்படித்தான் எழுதுகிறேன். அதே நோட்புக், அதே விடை. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பிப்ரவரி 4

எடிட்டரில் எழுதலாமா என்று சாரிடம் கேட்டேன். எல்லோருக்கும் ஒரே ரூலாம்.

பிப்ரவரி 6, வெள்ளி

மாடல் தேர்வு. பிரவுசரில் தடுமாறி, சரியாக எழுதியிருந்த கட்டத்தையே அழித்துவிட்டேன். அழிந்ததுகூடத் தெரியவில்லை.

சார் பக்கத்தில் வந்தார். “கஷ்டப்படாத பெலிண்டா. சுபஸ்ரீய கூட வச்சுக்கம்மா. நீ சொல்லு, அவ டைப் பண்ணுவா.” என் தோழி சுபஸ்ரீ உட்பட வகுப்பே கேட்க, அவ்வளவு கனிவாக. அந்தக் கனிவுதான் எரிகிறது.

“எனக்குக் கண்ணுதான் தெரியாது சார். ப்ரோக்ராம் தெரியும்.”

சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 7

என் தலையில இருக்கறத இன்னொருத்தி விரல் வழியா வந்தாத்தான் நம்புவாங்களா? நான் என்ன, கூடவே ஆள் வேண்டிய சாமானா?

பிப்ரவரி 9, திங்கள்

சுபஸ்ரீ ஸ்ரீரங்கத்திலிருந்து சீக்கிரமே கல்லூரிக்கு வந்துவிட்டாள். உதவிக்கு உட்கார மாட்டேன் என்று சாரிடம் அவளே சொல்லிவிட்டாளாம். இருவரும் பிரின்சிபால் மேடத்தைப் பார்த்தோம். அவர் சாரைக் கூப்பிட்டார்.

காப்பி அடிக்க வழி இருக்கக் கூடாது என்பதுதான் காரணம் என்றார் சார். அப்படியானால் லேப் கணினியிலேயே எடிட்டரைப் போடுங்கள், நெட்டைத் துண்டித்துவிடுங்கள் என்றேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன்: திரையை அணைத்துவிட்டு, என் ஹெட்ஃபோனோடு, அந்தப் பிரவுசரில் சாரே இரண்டு எண்களைக் கூட்டிக் காட்டட்டும்.

மேடம் முன்னால் சாரால் மறுக்க முடியவில்லை. லேப்பில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“இவ்வளவு நாளா இதயா கேட்டுக்கிட்டிருந்த?”

எடிட்டருக்கு மேடம் அனுமதி தந்தார். சார் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

ப்ராக்டிகல் முடிந்தது. லேப் கணினியில் எடிட்டர் இருந்தது, நெட் இல்லை. ஸ்க்ரீன் ரீடர் ஒரு வரி விடாமல் வாசித்தது.

கடைசிக் கேள்வியில் மழையளவுக்குச் சராசரி கேட்டிருந்தார்கள். நான் வெப்பநிலைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. போனில் சொன்னதும் சுபஸ்ரீ, “மார்க் போச்சேடி” என்று அங்கலாய்த்தாள்.

போச்சுதான். கேள்வியைச் சரியாகக் கேட்காதவள் நான். இன்றைக்குத் திட்டுவதற்கு வேறு யாரும் இல்லை.