யானை மிதித்த கடைசிக் காட்சி

அன்புத் தம்பி சேகருக்கு,

அவர்கள் இருவரும் கடைசியில் சேர்ந்தார்களா, இல்லையா? மருத்துவமனையிலிருந்து பேசியபோது நீ கேட்டுவைத்த கேள்வி இது. "முடிவு வரும்போது நான் இருக்க மாட்டேன். நீ பாத்துட்டுச் சொல்லுக்கா." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏன் என்று எழுதவே அருவருப்பாக இருக்கிறது.

போன தடவை மைசூர் வந்தபோது அந்த ஆங்கிலத் தொடரைக் கேசட்டில் எனக்குப் போட்டுக் காட்டினாய். ஆண்களைக் காதலிக்கும் ஆண்களின் கதை. உன்னைப் பற்றி நீ சொல்லத் தயங்கியதை அது சொல்லட்டும் என்று விட்டாய். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எத்தனை குடி, எத்தனை இரைச்சல்! ஆனால் அதில் வரும் அந்தக் காதலர்கள் இருவரும் என்ன ஆவார்களோ என்று எனக்கும் கவலை வந்துவிட்டது.

முடிவுப் பாகம் இப்போதுதான் நீ இருந்த நாட்டில் டிவியில் வந்தது. உன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய குகன் பதிவுசெய்து அனுப்பினார். என்னிடம் விசிஆர் ஏது? குவெம்புநகரில் பெரியக்கா வீட்டுக்குப் போனேன். அவர்களுக்கு நீ வாங்கிக்கொடுத்து, எனக்குப் போட்டுக் காட்டிய அதே விசிஆர். பாதியில் கரண்ட் போய், கேசட் உள்ளேயே மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு வந்தேன்.

இன்று மறுபடி போய்ப் போட்டேன். மாடிப்படியில் இருவரும் நிற்கிறார்கள். ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். திரை நடுங்கியது. தங்க அம்பாரியோடு ஒரு யானை! கேசட் தீரும்வரை தசரா ஊர்வலம், கன்னட வர்ணனையோடு.

"வயசுப் பொண்ணு இருக்கிற வீடு. அதான் அது மேலேயே ஊர்வலத்தை ரெக்கார்டு பண்ணிட்டேன்" என்றார் அத்தான், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

"முழுசும் பாத்தீங்களா?"

"பாக்காம அசிங்கம்னு எப்படித் தெரியும்?"

அக்கா காபியோடு வந்தாள். "ஹோகலி, விடு. யானையாவது லட்சணமா இருக்கு."

வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். "முடிவு என்ன அத்தான்?"

"தூ! அதை என் வாயால வேற சொல்லணுமா? செத்தும் மானத்தை வாங்கறான் உன் தம்பி."

அக்கா என் பக்கம் திரும்பினாள். சர்க்கரை போதுமா என்று என்னைக் கேட்டாள். அந்த டிவிக்கு மேலேதான் மாலை போட்ட உன் படம்.

படத்தில் இரண்டு ஆண்கள் முத்தமிட்டபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். அத்தான் கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்துவிட்டு ஒழுக்கம் பேசியதுதான் குமட்டியது. இவர்களோடு இத்தனை நாள் எப்படி உட்கார்ந்து சாப்பிட்டேன்? காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

அந்த மனிதர் வாயால் கேட்டு உனக்குச் சொல்ல மாட்டேன். வேறு வழியில் தெரிந்துகொண்டு, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். இது சத்தியம்.

மறுநாள் எழுதுவது: காலேஜில் பாடம் நடத்தி முடித்து, ஐஎஸ்டி பூத்திலிருந்து குகனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொல்லி, முடிவைக் கேட்டேன்.

அவர் சொன்னார்: "நான் பார்க்கேல்லை அக்கா. ரெக்கார்டு போட்டுட்டு வெளியில நடக்கப் போயிட்டன். அவர் இல்லாமல் பார்க்க ஏலாமல் இருந்தது. நீங்கள் பார்த்துச் சொல்லுவீங்கள் எண்டு இருந்தன்."

நான் பார்த்தவரை, மாடிப்படியில் அவன் வாயெடுத்தது வரை, கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

உன்
சின்னக்கா