கோட்டுப் போட்ட அப்பா

அப்பா,

உங்கள் படத்துக்குச் சட்டம் போட்டு இன்று காலை பெரியப்பா எடுத்துவந்தார். சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்ததும் என் கண்ணில் முதலில் பட்டது காதுதான். இரண்டு காதுகளும் தலையோடு ஒட்டிக் கிடந்தன.

ஸ்டுடியோவில் உங்களுக்குக் கோட்டும் டையும் போட்டுவிட்டிருக்கிறார்கள். முகத்தையும் வெளுப்பாக்கியிருக்கிறார்கள்.

"மகராசனாட்டம் இருக்கறான் பாரு" என்றார் பெரியப்பா.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது; நாளை மறுநாள் உங்களுக்கு வருசச் சாமி கும்பிடுகிறோம். அன்று சுவரில் ஏறும் படம்தான் இனி எல்லோருக்கும் நீங்கள்.

முட்டை லாரி ஓட்டிக்கொண்டு நீங்கள் கேரளா போயிருக்கும்போது போனில் என்னிடம் என்ன கேட்டாலும் "ம்" என்பேன். அதற்கு மேல் வாய் வராது. அதனால் வீட்டில் நடந்ததை வரைந்து அனுப்புவேன். பால் பொங்கி வழிய, வாசலில் கதை பேசும் அம்மா. அம்மாவின் செருப்பில் தூங்கும் பூனை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு லாரி வரும். அதன் இரண்டு பக்க ஜன்னலிலும் ஒவ்வொரு காது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

"பெத்த அப்பனை இப்படியா கேலி பண்றது?" என்று அம்மா திட்டினால், "உன்ர மூக்கை உட்டுட்டாளேன்னு சந்தோசப்படு" என்பீர்கள்.

நீங்கள் நோயில் படுத்த வருடம்தான் நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருப்பேன். உங்கள் கன்னம் ஒடுங்க ஒடுங்க எனக்குக் காதைப் பெரிதாக வரையக் கை வரவில்லை. ஒருநாள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "காதை ஏஞ்சாமி சின்னதாக்கிட்டே? பெருசாப் போடு. தூரத்துல பாத்தாலும் நானுன்னு தெரியோணும்" என்றீர்கள்.

இன்று அம்மாவிடம், "காது அப்பா காதாட்டம் இல்லம்மா" என்றேன்.

"உடு சாமி. உங்கப்பா ஒரு நாளாச்சும் கோட்டுப் போட்டிருப்பாங்களா? இப்படியாச்சும் போட்டுக்கட்டும்." முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அம்மா குளிக்கப் போனதும் படத்தை மறுபடி செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு புதுச்சத்திரம் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"என்னம்மா, கண்ணாடி ஒடஞ்சிருச்சா?" என்றார் கடைக்காரர். இல்லையென்று தலையாட்டினேன். "பேரு தப்பாப் போச்சா?" அதற்கும் தலையாட்டினேன். பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, ஒரு காகித உறையின் பின்பக்கம் உங்களை வரைந்து அவர் பக்கம் தள்ளினேன்.

பார்த்துச் சிரித்துவிட்டார். "நல்லாருக்கட்டும்னு நாந்தாம்மா காதை உள்ள தள்ளுனேன். நெசமாலுமே இவ்ளோ பெருசுங்களா?"

"ஆமாங்க."

"அப்பக் கோட்டையும் எடுத்தரலாமா?"

"அது இருக்கட்டுங்க. அம்மாவுக்குப் புடிச்சிருக்குது."

கம்ப்யூட்டரில் உங்கள் படத்தைத் திறந்து காதுகளை மெல்ல வெளியே இழுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "போதுங்களா?"

"இன்னுங் கொஞ்சம் இழுங்க" என்றேன்.